கஞ்சி போட்ட துண்டுகள்

களிமண் உருண்டையை நீட்டிவிட்டு நான் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

"இத இன்னா பண்ணணும்?" என்று கேட்டார் சின்னப்பொண்ணு அக்கா.

"கத்திய புடிக்கிற மாதிரி... ஒரு தடவ... அழுத்தி..." என்று சுவரிடமே சொன்னேன்.

"வாயத் தொறந்து சொல்லேன்டா ஏழுமல. நான் இன்னா ஒன்ன கடிச்சா முழுங்கப்போறேன்?"

பட்டறை வாசலில் அரிசி புடைத்துக்கொண்டிருந்த என் மனைவி அஞ்சலை சிரித்துவிட்டாள். "அவுரு அப்படித்தாங்க்கா. என்னப் பொண்ணு பாக்க வந்தப்பவே எங்க வூட்டுச் செவுத்தத்தான் பாத்துக்கினு இருந்தாரு. போவும்போது எங்க அம்மா கேட்டுது, மாப்பிள்ளைக்குப் பொண்ணு புடிச்சிருக்கா, செவுரு புடிச்சிருக்கான்னு."

அக்கா சிரித்துக்கொண்டே உருண்டையை இறுக்கிப் பிடித்தார். விரல் இடுக்குகளில் ஈர மண் பிதுங்கியது. என்னிடம் திருப்பிக் கொடுத்தபோதுதான் திரும்பிப் பார்த்தேன்.

மோதிர விரலும் சுண்டு விரலும் ஆழமாகப் பதிந்திருந்தன. கட்டைவிரல் ஒரு குழியே போட்டிருந்தது. ஆள்காட்டி விரலும் நடு விரலும் பட வேண்டிய இடத்தில் மண் மொழுமொழுவென்று இருந்தது. கோழி மேலாக நடந்துவிட்டுப் போன மாதிரி இரண்டு கீறல், அவ்வளவுதான்.

சென்ற வாரம் லாரிக்கு அடியில் இருக்கும் வில்பட்டாவைக் காய்ச்சிக் கத்தி அடிப்பது பற்றி எழுதியிருந்தேன். அதைப் படித்த ஒருவர் பட்டறைக்கே வந்து, "கத்தி சரிங்க, பிடி எங்க?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. கத்தியை எல்லாரும் பார்க்கிறார்கள். பிடியைப் பார்க்கிறவர்கள் குறைவு. கை மட்டும்தான் அதை அறியும். அதனால் இந்த வாரம் பிடி. அதுவும் அந்த ஒரு பிடி.

முதல் சால் போகிறவர்

வடக்கனந்தல் பக்கம் கரும்பு வெட்டும் ஆட்களிடம் கேட்டால் சின்னப்பொண்ணு அக்காவைத் தெரியும் என்பார்கள். மற்ற ஜோடிகளில் புருஷன் வெட்டுவான், பெண்டாட்டி சோகை உரித்துக் கட்டுக் கட்டுவாள். அக்கா வீட்டில் நேர்மாறு. அக்கா வெட்டுவார், வீட்டுக்காரர் கட்டுவார். யாராவது கேலி செய்தால் அவர் கோபித்துக்கொள்ள மாட்டார். "அவ வேகத்துக்குக் கட்டறதுக்கே எனக்கு முதுவு வுட்டுப்போவுது, நீ வேற" என்பார்.

வயலில் முதல் சாலில், அதாவது முதல் கரும்பு வரிசையில், இறங்குகிறவர் வைத்ததுதான் அன்றைய வேகம். பின்னால் வருகிற எல்லாரும் அவரைப் பார்த்துத்தான் கத்தியை வீசுவார்கள். அக்கா பல வருஷமாக அந்த முதல் சாலில் இருந்தவர்.

எங்கள் பக்கம் சில வயல்களில் ஒரு வழக்கம் உண்டு. வெட்டுத் தொடங்கும் நாளில் கற்பூரம் கொளுத்திக் கும்பிட்ட பிறகு, முதல் சாலை வெட்டி முடிக்கிறவருக்கு நிலத்துக்காரர் ஒரு புதுத் துண்டு போர்த்துவார். வெட்டுகிறவருக்கு அதுதான் சபை மரியாதை. அக்காவிடம் அப்படி வந்த துண்டுகள் ஒரு தகரப் பெட்டி நிறைய இருந்தன. ஒரு பெண் தோளில் அத்தனை துண்டு விழுந்தது இந்தப் பக்கத்தில் வேறு எங்கும் இல்லை.

போன பருவத்தின் நடுவில், டிராக்டர் பெட்டியில் கட்டு ஏற்றி இரும்புச் சங்கிலியை இறுக்கும்போது, அக்காவின் வலது கையில் இரண்டு விரல்கள் சிக்கிக்கொண்டன. புண் ஆறியது. மடங்கத்தான் மாட்டேன் என்றுவிட்டன.

அந்தக் கையோடு, பருவம் முடியும் முன் ஒரு நாள் வெட்டப் போனார். பனியும் கரும்புச் சாறும் பட்ட மரப்பிடி கையை விட்டு நழுவியது. கத்தி பறந்து போய் மேஸ்திரி கொளஞ்சியின் காலுக்குப் பக்கத்தில் குத்தி நின்றது. கொளஞ்சி அக்காவின் வீட்டுக்காரருக்குத் தம்பி. அண்ணி மேல் உயிரை வைத்திருப்பவன். அன்றைக்கு அவன் முகம் வெளுத்துப்போய்விட்டது.

"அண்ணி, அடுத்த பருவத்துக்கு மொத நாளு ஒரு சால் வெட்டிக் காட்டு. ஒரே ஒரு தடவ கத்தி கைய வுட்டு நவுந்துச்சினா, அப்பறம் நீ கட்டுக் கட்டத்தான் போவணும். என்னத் திட்டாத" என்றான்.

அக்கா திட்டவில்லை. அவன் சொன்னதில் தப்பு இல்லை என்று அவருக்கே தெரியும். அடுத்த பருவம் நெருங்கியதும் என் பட்டறைக்கு வந்தார்.

நெடுக்கும் குறுக்கும் இழை

எனக்கு மரத்தின் மேல் கோபம் ஒன்றும் இல்லை. கருவேலம், வேம்பு, புளி என்று எல்லாப் பிடியும் செய்திருக்கிறேன். ஆனால் அந்தக் களிமண்ணைப் பார்த்ததும் மரம் ஆகாது என்று தெரிந்துவிட்டது.

பின்னால் இருக்கும் இரண்டு விரல்களால் இழுத்துப் பிடிக்கிற கைக்கு, பிடியின் கடைசியில் கொக்கி போல ஒரு வளைவு வேண்டும். மரத்துக்கு இழை ஒரே பக்கமாக ஓடும். வளைவு குறுகும் இடத்தில் நாலு நாள் வெட்டினால் இழையோடு பிளந்து வந்துவிடும்.

துணிக்கு அப்படி இல்லை. நெடுக்கும் இழை, குறுக்கும் இழை. ஒவ்வொரு துணித் துண்டிலும் ரெசின் என்கிற, காய்ந்தால் கல்லாகும் பசையைத் தடவி, ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கி, இரண்டு பலகைக்கு நடுவில் வைத்துக் கிளாம்பு போட்டு நெருக்கினால், மறுநாள் அது கட்டையாகிவிடும். அறுக்கலாம், துளை போடலாம், அரத்தால் ராவலாம். எந்தப் பக்கமும் பிளக்காது. எங்கள் ஊரில் இதற்குத் துணிக்கட்டை என்று பெயர் வந்துவிட்டது. நான் வைத்த பெயர் இல்லை. அஞ்சலை வைத்தது.

வயசுக் காலத்தில் பாண்டிச்சேரி பக்கம் பைபர் தண்ணீர்த் தொட்டி செய்யும் பட்டறையில் வேலை பார்த்தேன். ஐந்தாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவனுக்கு அங்கே யாரும் எதையும் உட்காரவைத்துச் சொல்லித் தரவில்லை. தேன் மாதிரி ரெசின் ஒரு டப்பா, அதை இறுக வைக்க இன்னொரு டப்பா. இரண்டும் சேர்ந்தால் கொஞ்ச நேரத்தில் காய்ச்சல்காரன் நெற்றி மாதிரி சுடும். வழியும் ஒன்று, வழியாத ஒன்றாக மாறுவதைப் பார்ப்பதற்கென்றே சாப்பாட்டு நேரத்தில் உட்கார்ந்திருப்பேன். ஒரு நாள் கை துடைத்த கந்தல் துணி ரெசினில் விழுந்து காய்ந்து கிடந்தது. சுத்தியால் அடித்தேன். சுத்திதான் துள்ளியது.

ஊருக்கு வந்து முதலில் செய்த துணிக்கட்டைப் பிடி ஒரு வெள்ளிமலைக்காரருக்கு. கடுக்காய் மரத்தில் கிளை கழிக்கிறவர். மழை பிடித்துக்கொண்டால் மலையில் எதுவும் காயாது. மரப்பிடி ஊறிப் பெருத்து, பிறகு சுருங்கி, ஆட ஆரம்பித்துவிடும் என்றார். என்னுடைய பழைய கால்சட்டைத் துணியில் ஒரு பிடி போட்டுக் கொடுத்தேன்.

ஒரு மழைக்காலம் முழுக்க அவரைக் காணவில்லை. பிடி உடைந்து, திட்டிக்கொண்டு இருக்கிறார் என்றே நினைத்தேன். பிறகு ஒரு நாள் ஜீப்பில் இறங்கி வந்து, கத்தியைச் சாக்கிலிருந்து எடுத்து என் முன்னால் வைத்தார்.

"மழையில கூரைமேலயே கெடந்துதுங்க. மறந்துட்டேன். இந்தாங்க பாருங்க."

அதைச் சொல்லத்தான் அத்தனை கொண்டை ஊசி வளைவு தாண்டி வந்திருந்தார். கூடவே ஒரு பை சாமை அரிசி. நான் பிடியைத் தடவிப் பார்த்தேன். ஆடவில்லை. ஈரம் பட்டால் இன்னும் கொஞ்சம் கையைப் பற்றுகிறது என்பதை அவர்தான் கவனித்துச் சொன்னார்.

சரி, அக்காவின் கைக்கு வருகிறேன்.

தகரப் பெட்டி

"துணி எதுனா குடுங்கக்கா. பருத்தியா இருக்கணும்" என்று சொல்லியிருந்தேன். கிழிந்த புடவை ஏதாவது வரும் என்று நினைத்தேன். அக்கா தகரப் பெட்டியோடு வந்தார்.

"இதுங்கள வெச்சி இன்னா பண்ணப்போறேன்? கைல புடிச்சாதான் மரியாத. பொட்டிக்குள்ள இருந்து இன்னாத்துக்கு?"

சிவப்பு, பச்சை, வெள்ளை, காவி. எல்லாவற்றுக்கும் அடியில், முதன்முதலாக வாங்கிய சின்ன சிவப்புத் துண்டு. ஓரமெல்லாம் பூச்சி அரித்து, நடுவில்தான் கொஞ்சம் மிச்சம் இருந்தது. அதை மட்டும் ஒரு தடவை தடவிவிட்டுக் கொடுத்தார்.

அந்தச் சமயம் பார்த்துக் கொளஞ்சி வந்து சேர்ந்தான். "இன்னாண்ணே, அண்ணிக்குத் துணியில கத்தி செய்யிறியாமே? அது கரும்ப வெட்டுமா, இல்ல தொவச்சி வுடுமா?"

"ஒந் தலப்பாவையும் அவுத்துக் குடு, ஒனக்கும் ஒண்ணு செய்வான்" என்றார் அக்கா.

அஞ்சலையிடம், "நல்லா அலசி வெச்சிடு" என்று சொல்லிவிட்டு நான் கத்தி வேலையைப் பார்க்கப் போனேன்.

துண்டுகள் திரும்பி வந்தபோது தகடு மாதிரி மொடமொடவென்று இருந்தன. கத்தரிக்குச் சுகமாக இருந்தது. போர்த்தியதோடு மடித்து வைத்த புதுத் துணி, அப்படித்தான் இருக்கும் என்று எண்ணிக்கொண்டேன். நிறம் மாற்றி நிறம் அடுக்கி, அந்த முதல் சிவப்புத் துண்டை முழுவதும் நடுவில் வைத்தேன். நெருக்கிக் கட்டிய மறுநாள் பலகையைப் பிரித்தபோது கட்டை பார்க்க அழகாகத்தான் இருந்தது.

அறுத்து, களிமண்ணைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ராவி, கொக்கி வளைவு வரைக்கும் கொண்டுவந்தேன். துளை போட்டுப் பித்தளை ஆணியை வைத்து ஒரு தட்டுத் தட்டினேன்.

சடக் என்றது.

மழையில் நனைந்து காய்ந்த புத்தகம் மாதிரி ஏடு ஏடாக விரிந்துகொண்டது. நடு ஏடுகள் உள்ளே வெளேரென்று, ரெசின் படாமலே இருந்தன. விரலில் எச்சில் தொட்டுத் தேய்த்தேன். பிசுபிசுத்தது. மூக்கில் வைத்தேன். சோறு வடித்த வாசனை.

நீலமும் போட்டிருந்தாள்

"அஞ்சல, துண்ட எப்படி அலசுன?"

"இன்னாங்க இப்படிக் கேக்கறீங்க? நல்லாத்தான் அலசுனேன்."

"அலசிட்டு?"

"அலசிட்டு, வடிச்ச கஞ்சியில முக்கி, ஒரு துளி நீலம் வுட்டு, நெழல்ல காய வெச்சி, சொம்புல நெருப்பு அள்ளிப் போட்டுத் தேச்சி வெச்சேன். சபையில போத்துன துண்டுங்க. கசங்கலாவா தருவாங்க?"

எத்தனை பெருமையாகச் சொன்னாள் தெரியுமா? எனக்கு ஒரு வெள்ளை வேட்டி உண்டு, கல்யாணம் காட்சிக்குக் கட்டுவது. அதற்குக்கூட அவள் அத்தனை பாடுபட்டதில்லை.

விரிந்து கிடந்த கட்டையை அவளே எடுத்துப் பார்த்தாள். முகர்ந்தாள்.

"அய்யோ, எங் கஞ்சியா?"

நூலுக்குள் ரெசின் இறங்க வேண்டிய வழியை எல்லாம் கஞ்சி முன்னாடியே போய் அடைத்துக்கொண்டிருந்தது. மரியாதைக்குப் போட்ட கஞ்சி. யாரைக் குறை சொல்வது?

வெட்டுக்கு மூன்றே நாள் இருந்தது. வானம் வேறு மூடிக்கொண்டு தூறியது. அக்கா வீட்டுக்குப் போக நான் சைக்கிளை எடுத்தேன்.

"நீங்க போயி ஒண்ணும் சொல்ல வேணாம்" என்றாள் அஞ்சலை. "அங்கியும் செவுத்தப் பாத்துக்கினு நிப்பீங்க. நான் சொல்றேன்."

அவளையும் பின்னால் ஏற்றிக்கொண்டு போனேன்; அவள் உள்ளே போனாள். நான் அக்கா வீட்டு வாசலில் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நின்றேன். பேச்சு முழுக்க வெளியே கேட்டது.

"யக்கா, ஒன் துண்டுங்களுக்கு நான் கஞ்சி போட்டுட்டேங்க்கா."

"அதுக்கு ஏன்டி மூஞ்ச இப்படி வெச்சிக்கினு இருக்க?"

"கட்ட பொளந்துபூடுச்சிக்கா. செவப்பு முழுசாப் பூடுச்சி. மத்ததுல பாதி பாதி மிச்சம் இருக்குது."

சைக்கிள் மணியில் இருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

"ஏன்டி அஞ்சல, எங் கல்யாணத்துக்கே எந் துணிக்கு யாரும் கஞ்சி போட்டதில்லடி. இப்பதான் மொத மொதல்ல ஒருத்தி போட்டிருக்கா, அதுவும் பொளந்துக்கிச்சா?"

சொல்லிவிட்டுச் சிரித்தார் பாருங்கள், தெரு வரைக்கும் கேட்டது. பிறகு அஞ்சலையின் விசும்பலும் சிரிப்பும் கலந்து வந்தன.

வெளியே வந்தவர் தலையில் சுற்றியிருந்த பழைய துண்டை அவிழ்த்து என் சைக்கிள் மேல் போட்டார். வெயிலில் வெளுத்து மண் நிறத்துக்கு வந்திருந்தது.

"செவப்புக்குப் பதிலா இத வையி. இது ஒரு நாளும் கஞ்சியப் பாத்ததில்ல. வேர்வையத்தான் பாத்திருக்குது." என் முகத்தைப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "ஏழுமல, என்னக் கட்டுக் கட்ட வுட்டுடாதடா."

அதற்குச் சுவரைப் பார்க்க முடியவில்லை. "செய்றேங்க்கா" என்றேன்.

ஒரு சொட்டுத் தண்ணீர்

அஞ்சலை என்னைத் துணிப் பக்கம் வரவே விடவில்லை. மிச்சமிருந்த துண்டுகளையும் அந்தத் தலைத் துண்டையும் வெந்நீரில் போட்டுக் கசக்கினாள். தண்ணீர் பால் நிறத்தில் வந்தது. கொட்டினாள். மறுபடி வெந்நீர். தண்ணீர் தெளிந்த பிறகும் அவளுக்கு நம்பிக்கை வரவில்லை, இன்னொரு தடவை போட்டாள்.

ஈரம் துளி இருந்தாலும் ரெசின் பிடிக்காது. வெயில் இல்லை. அடுப்பைச் சுற்றிக் கயிறு கட்டி, அனலில் துண்டைத் திருப்பித் திருப்பிப் பிடித்துக்கொண்டு பகல் முழுக்க உட்கார்ந்திருந்தாள். அன்றைக்கு எங்கள் வீட்டில் சோறு ஆக்க அடுப்பு கிடைக்கவில்லை. கடையில் இட்லி வாங்கி வந்தேன்.

துணியில் கஞ்சி போய்விட்டதா என்று பார்க்க ஒரு வழி சொல்லிக் கொடுத்தேன். ஒரு சொட்டுத் தண்ணீர் விட வேண்டும். முத்து மாதிரி மேலேயே நின்றால் கஞ்சி இருக்கிறது. பட்டதும் உள்ளே இறங்கினால் இல்லை. அவள் ஒவ்வொரு துண்டிலும் மூலைக்கு மூலை சொட்டு விட்டுக் குனிந்து பார்த்தாள். தலைத் துண்டில் சொட்டு விழுந்த இடமே தெரியவில்லை.

"பாருங்க, எப்படிக் குடிக்குது" என்றாள்.

சொட்டு விட்ட மூலைகளை மறுபடி அனலில் காட்டிய பிறகுதான் என்னிடம் கொடுத்தாள்.

இந்தத் தடவை ரெசின் தடவியதும் நிறம் கறுத்து நூல் நூலாக நனைந்தது. கண்ணாலேயே தெரிந்தது. மறுநாள் ஆணி அடிக்கும்போது நான் மூச்சைப் பிடித்துக்கொண்டேன். அஞ்சலை காதைப் பொத்திக்கொண்டாள். டக் என்று ஒரே சத்தம். மரத்தில் அடிக்கிற சத்தம் இல்லை, கல்லில் அடிக்கிற சத்தமும் இல்லை.

வளைவு எடுக்க எடுக்க அடுக்குகள் கோடு கோடாக வெளியே வந்தன. மழை விட்ட பிறகு எங்கள் வயலில் நின்று பார்த்தால் கல்வராயன் மலை ஒன்றின் பின்னால் ஒன்றாக, பச்சையும் நீலமும் சாம்பலுமாகத் தெரியும். அப்படி இருந்தது. நடுவில் மண் நிறத்தில் அந்தத் தலைத் துண்டு. உப்புத்தாளால் கடைசி வரை தேய்த்து வழவழப்பாக்காமல் பாதியில் நிறுத்தினேன். கைக்குச் சொரசொரப்பு வேண்டும்.

நான் நன்றாகச் செய்தேன். இதை எழுதக் கூச்சமாக இருக்கிறது. ஆனாலும் அது உண்மை.

வெட்டு நாள்

காலையில் கரும்பெல்லாம் பனியில் நனைந்து நின்றது. கற்பூரம் எரிந்தது. நிலத்துக்காரர் புதுத் துண்டைக் கையில் மடித்து வைத்திருந்தார். மஞ்சள் நிறம். நான் டிராக்டர் பெட்டிக்குப் பின்னால் போய் நின்றுகொண்டேன். அஞ்சலை முன்னால் வரப்பிலேயே நின்றாள்.

அக்கா இறங்கினார்.

முதல் கரும்பை மண்ணோடு ஒட்ட வெட்டினார். அடிக்கரும்பில்தான் இனிப்பு, கட்டை விட்டு வெட்டினால் ஆலைக்காரர்கள் ஒத்துக்கொள்ள மாட்டார்கள். அடுத்தது. அடுத்தது. நுனியில் இருந்த கொழுந்தாடையைச் சீவி எறிந்தார். எனக்குக் கரும்பு கண்ணுக்குத் தெரியவில்லை. அந்தக் கை மட்டும்தான். பனியும் சாறும் மணிக்கட்டு வரை வழிந்தது. மடங்காத விரல் இரண்டும் பிடியின் பருத்த இடத்தில் நீட்டிச் சாய்ந்திருக்க, பின்னால் இருந்த இரண்டும் கொக்கிக்குள் இறங்கியிருந்தன.

பாதிச் சாலில் கத்தி ஒரு கல்லில் பட்டு 'டங்' என்றது. கொளஞ்சி ஒரு அடி பின்வாங்கினான். கத்தி கையிலேயே இருந்தது. அக்கா திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

சால் முடிந்தது. பின்னால் கட்டுக் கட்டி வந்த வீட்டுக்காரர் இடுப்பில் கை வைத்து, "தே, மெதுவா போயேன்" என்றார். எல்லாரும் சிரித்தார்கள்.

கொளஞ்சி வந்து கத்தியை வாங்கி, தன் கையில் பிடித்துப் பார்த்தான். இப்படித் திருப்பினான், அப்படித் திருப்பினான். "இன்னாண்ணி இது, எங் கையப் புடிச்சி முறுக்குது?"

"அது என் கைக்குடா. ஒனக்கு ஏன் அடங்கும்?"

கொளஞ்சிதான் மேஸ்திரி என்பதால் நிலத்துக்காரர் துண்டை முதலில் அவனிடம் நீட்டினார். அவன் வாங்கவில்லை. தாடையால் அண்ணியைக் காட்டினான். மஞ்சள் துண்டு அக்காவின் தோளில் விழுந்தது.

அக்கா அந்தத் துண்டால் முகத்தைத் துடைத்தார், கழுத்தைத் துடைத்தார், கையில் வழிந்த சாற்றைத் துடைத்தார். டிராக்டர் பெட்டியைச் சுற்றிக்கொண்டு நேராக நான் நின்ற இடத்துக்கே வந்து அதை என் மேல் எறிந்தார்.

"அடுத்த கத்திக்கு வெச்சிக்கோ. ஒம் பொண்டாட்டி கையில மட்டும் குடுத்துடாத."

வரப்பில் நின்ற அஞ்சலை முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு சிரித்தாள். நான் அன்றைக்கு எல்லார் முகத்தையும் பார்த்தேன்.

அந்தக் கத்தி இன்னும் முதல் சாலில்தான் போகிறது. மஞ்சள் துண்டு என் பட்டறையில் ஆணியில் தொங்குகிறது, கரும்புச் சாறும் மண்ணுமாக. வீட்டைப் பெருக்கும்போதெல்லாம் அஞ்சலைக்குக் கை துறுதுறுக்கும். "வெறுந் தண்ணியில ஒரு அலசு?" என்பாள். "அப்பறம்" என்பேன்.

ஒரு நாள் வெளியே போய்விட்டுத் திரும்பும்போது பார்த்தேன். துண்டின் மூலையை உள்ளங்கையில் விரித்து, ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டு, அது உள்ளே இறங்குகிறதா என்று குனிந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.